தியாகத்துக்கு ஆண்பால் இல்லையா?

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கதை எழுதினேன். சிறுநீரகம் இரண்டும் பழுதாகிக் கிடக்கிற கணவனுக்கு மனைவி தன்னுடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கிறாள். ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு, அதுவரை அவளை ஒரு வார்த்தை மதித்துப் பேசியிராத அந்தக் கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். அவள் சிரிக்கிறாள். கதை அவ்வளவுதான். அதற்கு வந்த கடிதங்களைப் போல என்னுடைய வேறெந்தக் கதைக்கும் வந்ததில்லை. ‘படித்துவிட்டு அழுதேன்’ என்று எழுதியவர்களில் ஆண்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். ஒருவர், கல்யாணமாகிப் போகவிருந்த தம் மகளை அதைப் படிக்கச் சொன்னதாக எழுதியிருந்தார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இன்று அந்தக் கதையை எழுதியவன் மீது குற்றப்பத்திரிகை வாசிப்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் தரப்புச் சாட்சி என் தங்கை.

அவளுக்கு 24 வயதில் மூட்டுக்களில் வலி வந்தது. பிறகு வெயிலில் போய் வந்தால் இரண்டு கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற் போல ஒரு சிவப்பு படர்ந்தது. அம்மை என்றார்கள், வாதம் என்றார்கள், கண் திருஷ்டி என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கடைசியில் ஒரு டாக்டர், ‘லூபஸ்’ என்று பெயர் சொன்னார். லத்தீன் மொழியில் அதற்கு ஓநாய் என்று பொருள். கிருமிகளை எதிர்த்துப் போராடுவதற்கென்று நம் உடம்பில் ஒரு காவல்படை இருக்கிறதல்லவா, அந்தப் படை புத்தி பேதலித்து, தான் காக்க வேண்டிய வீட்டையே எதிரியின் வீடென்று எண்ணித் தாக்குகிற வியாதி இது. மூட்டைத் தாக்கும், தோலைத் தாக்கும், இருதயத்தின் உறையைத் தாக்கும், பலருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும். ஒன்றை இங்கே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்: இந்த வியாதி வருகிற 10 பேரில் 9 பேர் பெண்கள். அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறுகிற வயதில் இருக்கிற பெண்கள்.

14 வருஷம் அவள் மாத்திரையோடு குடித்தனம் நடத்தினாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா வேலை பார்த்தாள். டாக்டர்கள் பயந்து பயந்து அனுமதி கொடுக்க, ஒரு பெண் குழந்தை பெற்றாள். வீட்டுக் கடனில் பாதி அவள் சம்பளத்திலிருந்துதான் போகிறது. போன வருஷம் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. இப்போது வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் கழுவி உள்ளே விடுகிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் வைப்பதுதான் வழி என்றார் டாக்டர். அதற்கு முன்னால் பரிசோதனைகள் இருக்கின்றன என்றார்.

நான் வைத்திய சாஸ்திரம் அறிந்தவனல்லன். கல்லூரிப் படிப்பையே இரண்டு வருஷத்தோடு முடித்துக்கொண்டவன். மாற்றுச் சிறுநீரகம் என்றால் சைக்கிளுக்குச் சக்கரம் மாற்றுவது போல, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். பழையதை அநேகமாகக் கழற்றுவதே இல்லையாம். அது இருந்த இடத்திலேயே சுருங்கிக் கிடக்கும். புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்து, காலுக்குப் போகிற பெரிய ரத்தக் குழாயில் தைத்து இணைப்பார்கள். அப்படி வந்து குடியேறுகிற அந்நியனை, சொந்த வீட்டையே அந்நியமென்று தாக்கிப் பழகிய அந்தக் காவல்படை சும்மா விடுமா? விடாது. அதனால் அந்தப் படையை மருந்தால் மயக்கி வைக்க வேண்டும். மயக்கி வைத்தால் வாசலில் நிற்கிற கிருமியெல்லாம் உள்ளே வரும். ஆகவே வீட்டுக்குள் ஏற்கெனவே எந்தக் கிருமி ஒளிந்திருக்கிறது என்று மூலை முடுக்கெல்லாம் தேடிப் பார்த்துவிட வேண்டும். பரிசோதனைகளின் தாத்பரியம் இதுதான்.

இரண்டரை மாதம் அவளை அழைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினேன். ஓநாய் உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தார்கள். அது அடங்கியிருக்கும்போதுதான் ஆபரேஷன் செய்யலாம். ரத்தம் சட்டென்று உறைந்துவிடுகிற சுபாவம் உண்டா என்று பார்த்தார்கள். இந்த வியாதிக்காரர்கள் சிலருக்கு அது உண்டு. புதுச் சிறுநீரகத்தின் குழாயை அது அடைத்துவிடும். இருதயத்தைப் படம் பிடித்தார்கள். இந்த நோயில் இருதயக் குழாய்கள் வயதுக்கு முன்னாலேயே கெட்டுப்போகுமாம். மார்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். நம் தேசத்தில் எத்தனையோ பேருடைய உடம்பில் காசநோய்க் கிருமி சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் காமாலைக் கிருமிகளைத் தேடினார்கள், தடுப்பூசி போட்டார்கள். கர்ப்பப்பை வாயைச் சோதித்தார்கள். பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். சிறுநீரகத்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். “இன்றைக்கு வலிக்காத ஒரு சொத்தைப் பல் நாளைக்கு உயிருக்கே ஆபத்தாகலாம் ஸார்” என்றார் அந்த இளம் டாக்டர்.

மனநல டாக்டர் ஒருவரும் பார்த்தார். “ஆயுள் பூரா வேளை தவறாம மாத்திரை சாப்பிடணும், முடியுமா?” என்று கேட்டார். “பதினாலு வருஷமா அதைத்தானே டாக்டர் செய்யறேன்?” என்றாள் என் தங்கை. அவர் ஏதோ எழுதிக்கொண்டார், தேறிவிட்டாள்.

எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். ரத்தம், இருதயம், நுரையீரல், பல், மனசு, எல்லாம் சரி. கடைசியாக ஒரு கேள்வி பாக்கியிருந்தது. டாக்டர் காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

“டோனர் யாரு?”

அறையில் என் தாயார், என் தங்கையின் கணவர், நான். 1994-ல் வந்த சட்டத்தின்படி நெருங்கிய உறவினர் என்று கணக்கில் வருகிறவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம். என் தாயார் கேள்வி முடிவதற்குள் சொன்னாள்: “என்னுடையதை எடுத்துக்குங்க டாக்டர். ரெண்டும் வேணும்னாலும் எடுத்துக்குங்க.” டாக்டர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் இரண்டு ஆண்பிள்ளைகள் வசதியாக ஒளிந்துகொண்டோம்.

என் தாயாருக்கு 20 வருஷமாகச் சர்க்கரை வியாதி. முதல் பரிசோதனையிலேயே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அன்று இரவு அவள், “பெத்தவளாயிருந்தும் உதவாக்கரையாப் போயிட்டேனே” என்று அழுதாள். மற்ற இரண்டு பேரும் அழவில்லை. எங்களை யாரும் உதவாக்கரை என்று சொல்லவில்லையே!

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை அவர் படிப்பார், படிக்கட்டும். அவர் நல்ல மனிதர். டயாலிஸிஸ் நாட்களில் லீவு போட்டுவிட்டு அவளோடு வருகிறவர். அவள் முகம் சுளித்தால் துடித்துப்போகிறவர். ரத்தப் பிரிவு ‘ஓ’. அந்தப் பிரிவுக்காரர் எந்தப் பிரிவுக்கும் சிறுநீரகம் கொடுக்கலாம். ஆனாலும் ஒரு குழாய் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு எழவில்லை. அவர் மறுத்தார் என்று சொன்னால் அது பொய். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. சம்பந்தியம்மாள் மட்டும் ஒரு நாள் காற்றோடு சொல்வது போலச் சொன்னாள்: “அவன் சம்பாதிக்கிற பிள்ளை.”

என் தங்கை சம்பாதிக்கவில்லையா?

எல்லாவற்றையும் விட என்னைச் சுட்டது என் தங்கை சொன்னதுதான். “அவரை ஒண்ணும் கேட்காதே அண்ணா. எனக்காக அவர் உடம்பைக் கெடுத்துக்கணுமா? பேரை எழுதிவைப்போம், கிடைக்கிறபோது கிடைக்கட்டும்.” தன்னைத் தானே தாக்கிக்கொள்கிற வியாதி அவள் ரத்தத்தில் 24 வயதில் வந்தது என்று டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு எத்தனையோ வருஷம் முந்தியே அவள் மனசில் அது வந்துவிட்டது. சாப்பாட்டில் அண்ணனுக்கு முதல் பங்கு என்று அவளுக்குப் போதித்த எங்கள் வீட்டில் வந்தது. அந்த முதல் பங்கைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.

இது ஏதோ ஒரு குடும்பத்துக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் உயிரோடிருக்கும்போதே உறுப்புக் கொடுக்கிறவர்களில் 5 பேருக்கு 4 பேர் பெண்கள் என்று சொல்கிறது. மனைவிகள், தாய்மார்கள். உறுப்பைப் பெற்றுக்கொள்கிறவர்களிலோ 5 பேருக்கு 4 பேர் ஆண்கள். கொடுக்கிற கை ஒரு பால், வாங்குகிற வயிறு ஒரு பால். சென்னையில் சிறுநீரகத்தை விற்றவர்கள் 305 பேரைக் கண்டு பேசி 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அநேகமாக எல்லோரும் கடனை அடைக்க விற்றவர்கள். அவர்களில் 71 சதவீதம் பெண்கள். புருஷன் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியவன் என்றும், புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்றும் அந்தப் பெண்களில் பலர் காரணம் சொன்னார்கள். ஆக, தானம் என்றாலும் அவள்தான். விற்பனை என்றாலும் அவள்தான்.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அவள் சுயமாகச் சம்மதித்தாளா என்பதை, பெற்றுக்கொள்கிறவர் அல்லாத வேறொருவர் மூலம் உறுதி செய்ய வேண்டும் என்று விதிகளில் தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆணுக்கு அப்படி ஒரு விதி தேவைப்படவில்லை. ஆணைக் கட்டாயப்படுத்திக் கிட்னி வாங்குகிற குடும்பத்தைச் சட்டம் எழுதியவர்களால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை போலும்! 2025-ல் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு, இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புக்குக் காத்திருக்கிறவர்களில் பெண்களுக்குக் கூடுதல் முன்னுரிமை தரச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. நல்ல காரியம். வீட்டுக்குள் கிடைக்காத நியாயத்தைப் பிணத்திடமிருந்தாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று ஓர் அரசாங்க அலுவலகம் நினைக்க வேண்டிய நிலைமையில் நாம் இருக்கிறோம் என்பதுதான் வெட்கம்.

என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு ஆட்சேபங்களை அடுக்கினார். அவற்றுக்குப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

‘சிறுநீரகம் கெட்டுப்போவது ஆண்களுக்குத்தானே அதிகம்?’ என்றார். மற்ற வியாதிகளின் கணக்கு எப்படியாவது இருக்கட்டும். நான் சொல்லுகிற வியாதியில் 10-க்கு 9 பெண்கள் என்று முதலிலேயே குறித்துக்கொள்ளச் சொன்னேனே! இந்த வார்டிலாவது கணக்குத் தலைகீழாக இருக்க வேண்டாமா? கணவன்மார்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாமா? இரண்டரை மாதம் நான் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். டோனர்களுக்கென்று போட்ட பெஞ்சியில் நான் கண்டதெல்லாம் புடவைகளே.

‘பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கணவனுடைய உறுப்பு சேராது என்கிறார்களே?’ என்றார். இதில் உண்மை உண்டு. குழந்தையின் உடம்பில் பாதி தகப்பனுடையது. கர்ப்ப காலத்தில் அந்தப் பாதிக்கு எதிரான பொருள்கள் தாயின் ரத்தத்தில் உண்டாகிவிடலாம். அப்படி உண்டாகியிருந்தால் கணவனுடைய சிறுநீரகத்தை அந்த ரத்தம் ஏற்காது. ஆனால் எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. ஆகியிருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுடைய ரத்தநீரையும் கொடுப்பவரின் வெள்ளை அணுக்களையும் ஒரு கண்ணாடிக் குழாயில் கலந்து பார்க்கிறார்கள். பொருந்தவில்லையென்றால் விதி; ஒப்புக்கொள்கிறேன். பொருந்துமா என்று பார்க்கவே போகாதவன் அந்தக் குழாயைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது.

‘ஆபரேஷன் ஆபத்தில்லையா? உழைக்கிற உடம்பல்லவா?’ என்றார். கொடுக்கிறவர்களில் ஆபரேஷனால் உயிரிழப்பவர்கள் 10,000-க்கு 3 பேர் அளவு என்று ஒரு பெரிய அமெரிக்கக் கணக்கு இருக்கிறது. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. மிஞ்சிய ஒரு சிறுநீரகம் சற்றுப் பெரிதாகி இரண்டின் வேலையில் பெரும்பங்கைத் தானே ஏற்றுக்கொள்கிறது. சில வாரங்களில் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் நண்பரே, என் கதையில் அந்த மனைவி கொடுத்தபோது நீங்கள் அழுதீர்களே, ஆபத்தென்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? அதே கத்தி, அதே மயக்க மருந்து, அதே தழும்பு. அவளுக்கு வந்தால் தியாகம், அவனுக்கு வந்தால் ஆபத்தா?

தமிழில் தியாகம் என்ற சொல்லுக்கு ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. அதற்குப் புடவை கட்டிவிட்டவர்கள் நாங்கள், கதை எழுதுகிறவர்கள். எத்தனை தொடர்கதைகளில் அவளைப் பட்டினி போட்டிருக்கிறோம்! எத்தனை கதாநாயகிகளைக் கடைசி அத்தியாயத்தில் மாலை போட்டுச் சாகடித்திருக்கிறோம்! படிக்கிற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் அப்படி இருக்க வேண்டுமென்று நினைத்தாள். படிக்கிற ஆணும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தனக்கு அப்படி ஒருத்தி வாய்க்க வேண்டுமென்று நினைத்தான். இரண்டு பேருடைய கண்ணீருக்கும் சேர்த்து நாங்கள் சன்மானம் வாங்கிக்கொண்டோம். டாக்டரின் கேள்விக்கு என் தாயார் அவ்வளவு விரைவாகப் பதில் சொன்னதில் பெற்ற பாசம் பாதி. பழக்கிவிட்ட பழக்கம் பாதி. நாங்கள் வாயடைத்து உட்கார்ந்திருந்ததும் அதே பழக்கத்தின் மறுபக்கம்தான்.

இனி என் முறை.

என் ரத்தப் பிரிவு ‘பி’. என் தங்கையினுடையதும் ‘பி’. கல்லூரியில் ரத்ததான முகாமில் கொடுத்த நாளிலிருந்து எனக்கு இது தெரியும். என் தாயார் வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து சரியாக 11 நாட்கள் நான் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. என்ன காரணம் என்று கேட்டால் ஆயிரம் சொல்வேன். தொடர்கதை ஒன்று பாதியில் நின்றது; பையனுக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டியிருந்தது; எனக்கும் 46 வயது ஆகிறது. உண்மையான காரணம் ஒன்றுதான். பயம். மனிதாபிமானத்தைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசக்கூடியவன், ஆஸ்பத்திரி ஊசிக்குப் பயந்து 11 நாள் தூங்குவது போலப் பாவனை செய்தேன். அந்த 11 நாட்களில் என் தங்கை 5 முறை இயந்திரத்தில் படுத்து எழுந்தாள்.

பன்னிரண்டாம் நாள் என் மனைவியிடம் சொன்னேன். அவள் தடுப்பாள் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்ன, அந்தத் தடையை நம்பித்தான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“போய் டெஸ்ட் பண்ணிக்கிட்டு வாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு வேணும்னு டாக்டர் சொல்லியிருந்தா, நான் எத்தனை நாள் யோசிச்சிருப்பேன்னு நினைக்கிறீங்க?”

நான் பதில் சொல்லவில்லை. பதில் எங்கள் இருவருக்குமே தெரியும்.

இப்போது அந்தத் தாழ்வாரத்தில் நானும் ஒரு நோயாளி மாதிரி ஏறி இறங்குகிறேன். 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்த்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். என் சிறுநீரகங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு வேலை செய்கிறது, எதற்கு எத்தனை ரத்தக் குழாய் என்று படம் பிடித்தார்கள். உடன்பிறந்தவர்களுக்குள் திசு முழுக்கப் பொருந்துவது நாலில் ஒரு பங்கு சாத்தியம், பாதி பொருந்துவது நாலில் இரண்டு பங்கு, ஒன்றுமே பொருந்தாமல் போவது நாலில் ஒரு பங்கு என்று டாக்டர் சொன்னார். பாதி பொருந்தினாலும் போதுமாம். என் அணுக்களை அவள் ரத்தநீரில் போட்டுப் பார்க்கிற சோதனையின் முடிவு அடுத்த வாரம் வரும். பொருந்தினால் கொடுப்பேன். இதை இங்கே அச்சில் எழுதி வைப்பதற்குக் காரணம், பன்னிரண்டாம் நாளில் வந்த தைரியம் பதின்மூன்றாம் நாளில் ஓடிவிடாமல் உங்களைச் சாட்சி வைப்பதற்காகத்தான். இறந்தவர்கள் கொடுக்கிற சிறுநீரகத்துக்காக மாநிலப் பட்டியலிலும் அவள் பெயரைப் பதிந்திருக்கிறோம். 2008-லிருந்து தமிழ்நாடு இதை ஒழுங்காக நடத்திக்கொண்டு வருகிறது. 2023-லிருந்து அப்படிக் கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் நீளமானது. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் சாவு விழட்டும் என்று காத்திருக்கும் முன், நம் வீட்டில் உயிரோடு நடமாடுகிறவர்கள் ஒரு குழாய் ரத்தம் கொடுத்துப் பார்ப்பதுதான் கௌரவம்.

இதைப் படிக்கிற கணவன்மார்களிடம் சிறுநீரகம் கேட்க வரவில்லை. மிகச் சின்னதாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறேன். உங்கள் மனைவியின் ரத்தப் பிரிவு என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?

கல்யாணமாகி 20 வருஷம் ஆகியும் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. ஆஸ்பத்திரி விண்ணப்பத்தில் என்னுடைய பிரிவை எழுத வேண்டிய இடத்தில் நான் பேனாவைத் திறப்பதற்குள், பக்கத்திலிருந்து அவள் சொன்னாள்: “பி பாஸிட்டிவ்.”